கிண்ணம் அலமாரியில், காளை எங்கே?

சவாரிக்காரர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றால் முதலில் எமக்குக் காட்டப்படுவது கண்ணாடி அலமாரி. அதனுள் வெற்றிக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு திடல் உண்டு. ஒரு வருடம் உண்டு. ஒரு கதை உண்டு. சுவரிலே மாலை சூட்டிய சோடி மாடுகளின் படம் சட்டமிட்டுத் தொங்கும். வீட்டுக்காரர் அம்மாடுகளின் சுழியைச் சொல்வார்; கொம்பின் வளைவைச் சொல்வார்; எத்தனை செக்கனில் எல்லைக் கோட்டைத் தாண்டின என்பதையும் சொல்வார். தேநீர் வரும். கதை வளரும். அவ்வேளையில் நாம் ஒரு கேள்வியைக் கேட்கிறோம்: "இந்தச் சோடி இப்போது எங்கே நிற்கிறது?"

"அதுகளைக் குடுத்தாச்சு, மாஸ்ரர்."

யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இருவருக்கும் தெரிந்த உண்மையை இருவரும் தேநீரோடு சேர்த்து விழுங்கிக்கொள்கிறோம். இந்த மௌனத்தைக் கலைப்பதே எமது நோக்கம். மல்லாவியிலும் அதனைச் சூழ்ந்த வன்னிக் கிராமங்களிலும் வாழும் நாம், அயலவர் மனம் புண்படும் என்று அஞ்சி இதுகாறும் வாய் திறக்கவில்லை. இனிமேலும் திறவாதிருப்பது நேர்மையாகாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். மாட்டு வண்டிச் சவாரியை இகழ நாம் எழுதவில்லை. நுவரெலியாவிலே வெள்ளைத் தோட்டத் துரைமார் தொடக்கிவைத்த குதிரைப் பந்தயம் கனவான்களின் பொழுதுபோக்கு. சவாரியோ உழைப்பாளரின் விழா. குடாநாட்டிலும் வன்னிப் பெருநிலத்திலும் சவாரித் திடலின் இரு மருங்கும் நின்று ஆர்ப்பரிப்பவன் கமக்காரன், கூலித் தொழிலாளி, வண்டிக்காரன். வருடம் முழுவதும் சேற்றிலும் வெயிலிலும் குனிந்து கிடந்தவன் ஒரு நாள் நிமிர்ந்து நின்று கூவுகின்றான். அந்தக் கூவலின் நியாயத்தை நாம் அறிவோம்.

ஆயின் அவ்விழாவின் அடித்தளம் எதுவாக இருந்தது? உழைப்பு. 1950களிலே வவுனிக்குளம் புனரமைக்கப்பட்டு, குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றோர் இப்பகுதிக்கு வந்து காடு வெட்டிக் கழனி திருத்திய காலத்தில், மனிதனின் வலக்கை எதுவோ அதுவே மாடு. மாடு உழுதது, சூடு மிதித்தது, நெல் மூட்டை ஏற்றிச் சந்தைக்கு நடந்தது, பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை வைத்தியசாலைக்கு இழுத்துச் சென்றதும் அதுவே. அறுவடை முடிந்து களம் ஓய்ந்த பின்னர் அதே மாடுகளில் துடிப்பானவை சவாரி வண்டியில் பூட்டப்பட்டன. அன்று சவாரி மாடு என்றும் உழவு மாடு என்றும் இரண்டு சாதி இருக்கவில்லை. ஓட்டம் தளர்ந்த மாடு ஏருக்குத் திரும்பியது. ஏரில் தளர்ந்தது வண்டிக்குப் போயிற்று. வண்டியிலும் தளர்ந்தது எருவுக்காகக் கொட்டிலில் நின்றது. அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ நாம் தயாரில்லை. அடியும் பசியும் அன்றும் இருந்தன. கிழட்டு மாட்டை விற்றவர்கள் அன்றும் இருந்தார்கள். எனினும் திடலுக்கும் கொலைக்களத்துக்கும் இடையே பல படிகள் இருந்தன.

உழவு இயந்திரம் வந்தது. இன்று வயலை உழுவது இயந்திரம். அறுப்பதும் அடிப்பதும் இயந்திரம். மூட்டை ஏற்றுவதும் இயந்திரமே. இயந்திரத்தை நாம் பழிக்கமாட்டோம். கமக்காரனின் கூனிய முதுகைச் சற்றே நிமிர்த்திய கருவி அது. ஆனால் அது மாட்டின் இடைப்படிகள் அனைத்தையும் உடைத்துவிட்டது. இன்று சவாரி மாடு ஓடுவதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டு, ஓடுவதற்கென்றே வளர்க்கப்படுகின்றது. பருத்திக்கொட்டையும் உளுந்தும் முட்டையும் பேரீச்சம்பழமும் அதற்கு ஊட்டப்படுகின்றன. குளத்தில் நீந்தவிட்டும் மணலில் இழுக்கவிட்டும் அதன் தசை முறுக்கேற்றப்படுகின்றது. பட்டி மாட்டின் விலையைப் பன்மடங்கு தாண்டிய விலை அதன் தலையில் வைக்கப்படுகின்றது. பிள்ளையின் கொப்பி வாங்கப் பணமில்லாத வீட்டிலும் நாம்பனுக்கு முட்டை தவறுவதில்லை.

இத்தனை பராமரிப்பும் எத்தனை காலத்துக்கு? மூன்று நான்கு வயதிலே திடலுக்கு வரும் நாம்பன் சில ஆண்டுகளே முன்னணியில் ஓட வல்லது. ஒரு குளம்பு பிளந்தால், ஒரு முழங்கால் வீங்கினால் அந்தச் சில ஆண்டுகளும் இல்லை. மாட்டின் இயற்கை ஆயுளோ இருபது ஆண்டளவு நீளக்கூடியது. எஞ்சிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதற்கு இவ்வுலகில் இடமெங்கே? ஏர் இல்லை, வண்டி இல்லை, களம் இல்லை. தரகர் வருகிறார், லொறி வருகிறது. நேற்று வேகத்துக்கு விலை. இன்று நிறைக்கு விலை.

இக்கதை எமக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பாலும் இதே கதை வேறொரு பிராணியின் உடம்பில் எழுதப்பட்டிருக்கின்றது. அதனைச் சற்றே விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் நோயோடு மருந்தின் ஒரு பகுதியையும் அங்கே காணலாம்.

கிரேஹவுண்ட் என்பது முயலையும் மானையும் விரட்டுவதற்கு வேட்டைக்காரர் வளர்த்த நாயினம். தமிழகத்துச் சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்கள் அதன் ஒடுங்கிய வயிற்றையும் நீண்ட கால்களையும் ஊகித்துக்கொள்ளலாம். 1919-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே ஓவன் பற்றிக் ஸ்மித் என்பவர் உயிருள்ள முயலுக்குப் பதிலாக இயந்திர முயலைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு நாய்ப் பந்தயத் திடல் ஒன்றை அமைத்தார். 1926 ஜூலையில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பெல் வியூத் திடலில் அதே முறை அறிமுகமாயிற்று. ஆலைத் தொழிலாளரின் வீட்டுக்கு அருகே, வேலை முடிந்த மாலை நேரத்தில், சில்லறைக் காசுடன் பணயம் வைக்கக்கூடிய பந்தயம்! தொழிலாளரின் பை ஒரு புறம் காலியாயிற்று. நாயின் கால் மறு புறம் தேய்ந்தது. நடுவே திடலின் முதலாளி கொழுத்தார். வேட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட நாய் பணயத்தின் உறுப்பாயிற்று. ஏரிலிருந்து பிரிக்கப்பட்ட எமது மாடும் அவ்வழியிலேயே போய்க்கொண்டிருக்கின்றது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

பந்தய நாய் ஒன்றரை வயதளவில் ஓடத் தொடங்கும். நான்கு ஐந்து வயதில் ஓய்ந்துவிடும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஓய்ந்த நாய்கள் எங்கே போயின? 2016-ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முன்னாள் நீதியரசர் மைக்கல் மக்ஹியூ நடத்திய விசாரணை இக்கேள்விக்கு விடை தந்தது. முந்திய 12 ஆண்டுகளில் 48,891-க்குக் குறையாமலும் 68,448 வரையிலும் நாய்கள், போதிய வேகமில்லை என்பதாலோ பந்தயத்துக்கு உதவா என்பதாலோ கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவ்விசாரணையின் கணக்கு. மாநில அரசு அவ்வருடமே பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. தொழில் நடத்துவோரின் எதிர்ப்புக்கு முன்னால் சில மாதங்களிலேயே பின்வாங்கியது. இலாபத்தின் குரைப்பு நாயின் குரைப்பிலும் உரத்தது போலும்!

எனினும் கதை அங்கே முடியவில்லை. மக்காவிலே பல தசாப்தங்கள் இயங்கிய கனிட்ரோம் என்னும் நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டது. மூடியபோது ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் அங்கே எஞ்சியிருந்தன. அந்தத் திடலைப் பொறுத்தவரை தோற்ற நாய் உயிரோடு வெளியேறுவது மிக அரிதாகவே இருந்தது. அனிமா என்ற உள்ளூர் விலங்கு நலச் சங்கமும் பல நாட்டுச் சாதாரண மக்களும் கைகோத்து, ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு வீடு தேடினர். இத்தாலிக்கும் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவை பயணம் செய்தன.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம், அந்த நாய்களுக்கும் அவற்றின் நிரந்தர வீடுகளுக்கும் இடையே இருந்த இடைவெளியில் உள்ளது. பந்தய நாய் கூண்டில் வளர்ந்தது. அது வீட்டை அறியாது, படிக்கட்டை அறியாது, கண்ணாடிக் கதவிலே மோதிக்கொள்ளும், உறக்கத்தில் யாரேனும் தொட்டால் துணுக்குற்றுக் கடிக்கும், பூனையைக் கண்டால் இயந்திர முயல் என்று பாயும். அத்தகைய பிராணியை நேரே ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தால் சில நாட்களில் அது திரும்பி வரும். ஆகவே நிரந்தர வீடு கிடைக்கும் வரை ஒருவர் தம் வீட்டில் அதனை ஏற்று, சில வாரமோ சில மாதமோ வைத்திருந்து, படியேறக் கற்பித்து, அச்சம் தெளியவைத்து, அதன் குணமறிந்து, எத்தகைய வீடு அதற்குப் பொருந்தும் என்று சொல்லி அனுப்புகின்றார். தமக்கென்று வைத்துக்கொள்வதற்காக அவர் அதனை ஏற்பதில்லை; பிரிவதற்கென்றே ஏற்கின்றார். இப்பணியைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? அதற்குரிய சொல்லை வன்னி மக்களாகிய நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அதன் பெயர் இடைத்தங்கல்.

அச்சொல்லை நாம் எவ்வாறு கற்றோம் என்பதைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன் எமது சிறிய அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர், முன்னங்கால் வீங்கி ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்ட வெள்ளை நாம்பன் ஒன்றை வியாபாரி விலை பேசி முடித்திருந்தார். நாமும் நண்பர் சிலரும் அதே விலையைச் சேர்த்துக் கொடுத்து அதனை மீட்டு, எமது வளவின் பின்புறக் கொட்டிலில் கட்டினோம். நல்லதொரு காரியம் செய்துவிட்டோம் என்ற இறுமாப்பு முதல் வாரத்திலேயே அடங்கிப்போயிற்று. அம்மாட்டுக்குப் புல் மேயத் தெரியவில்லை. கையால் ஊட்டியதையே உண்டு வளர்ந்தது அது. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மோட்டார் சைக்கிளின் ஓசை கேட்டால் கட்டறுக்கத் துள்ளியது. திடலிலே சோடியின் பின்னால் இரைந்துகொண்டு வரும் மோட்டார் சைக்கிள்களின் நினைவு அதற்குப் போலும். யாரேனும் கையை உயர்த்தினால், அது உடுப்புக் காயப்போட உயர்ந்த கையே ஆயினும், முதுகுத்தோல் நடுங்கிற்று. அந்த முதுகிலே துவரங்கேட்டியின் தழும்புகள் இருந்தன. தொடையிலே சிறு சிறு புள்ளிகள் இருந்தன. கேட்டியின் நுனியில் ஆணி செருகும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அப்புள்ளிகளின் பொருள் விளங்கும்.

ஐந்து மாதங்கள் ஆயின. கால்நடை வைத்தியர் வந்தார். கால் வீக்கம் வற்றியது. தவிட்டில் தொடங்கி, வெட்டிய புல்லுக்கு வந்து, ஈற்றில் அது தானாக மேயக் கற்றது. பாடசாலையிலிருந்து திரும்பும் பிள்ளைகள் அதன் கழுத்தைச் சொறிந்தனர். கடைசி மாதத்தில் கை உயர்ந்தாலும் அது நடுங்கவில்லை. வவுனிக்குளம் பக்கத்தில் தோட்டம் செய்யும் குடும்பம் ஒன்று எருவுக்காகவும் சிறு பாரம் இழுக்கவும் அதனை ஏற்றது. கொடுத்துவிட்டு வந்த மாலையில் எமது வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெறுங்கொட்டிலைப் பார்ப்பது கடினமாகவே இருந்தது. ஆயினும் பிரிவதற்கென்றே ஏற்றோம், ஏற்றதை நிறைவேற்றினோம்.

இதனைச் சொல்வது பாராட்டுப் பெறுவதற்கன்று. மாறாக, நாம் செய்த தவறு ஒன்று இதில் உண்டு. அம்மாட்டின் இறைச்சி விலையை அதன் சொந்தக்காரருக்கு நாமே கொடுத்தோம். கிண்ணம் அவருக்கு; பரிசுப் பணம் அவருக்கு; கழித்துவிட்ட மாட்டின் விலையும் அவருக்கு. வைத்தியச் செலவும் தீனிச் செலவும் ஐந்து மாத உழைப்பும் எமக்கு. அந்தப் பணத்தைக் கொண்டு அவர் அடுத்த நாம்பனை வாங்கினார். எமது இரக்கம் அவருடைய கணக்கிலே ஒரு வரவாக மாறிற்று! தனிமனித தருமத்தின் எல்லை இதுதான். சுரண்டலின் விளைவைத் தருமம் சுமக்கின்றது. சுரண்டலோ சுமையிறங்கிய தோளோடு முன்னே நடக்கின்றது. ஆகவேதான் சொல்கிறோம்: ஓய்ந்த மாட்டைப் பேணுவதை இரக்கமுள்ள நாலு பேரின் தலையில் கட்டிவிட முடியாது. அம்மாட்டின் ஓட்டத்தால் பெயரும் பொருளும் அடைந்தவர்களின் கடன் அது.

இக்கூற்றுக்கு எதிராக எழும் வாதங்களை நாம் அறியாதவர்களல்லர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மனிதர் பட்டினி கிடக்கும் மண்ணில் மாட்டுக்கு ஓய்வூதியமா?" என்று கேட்பார்கள். போரில் கணவனை இழந்த பெண்கள் நுண்கடனில் சிக்கித் தவிக்கும் மண் இது என்பதை நாமும் அறிவோம். ஆனால் இக்கேள்வி மாடு திடலில் ஓடும்போது எழுவதில்லையே! முட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டப்படும்போது பட்டினி எவருக்கும் நினைவு வருவதில்லை. பரிசுக்குத் தங்கக் காசும் மோட்டார் சைக்கிளும் வைக்கப்படும்போதும் வருவதில்லை. ஓடி முடித்த மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் கேட்டவுடன் மட்டும் பட்டினி நினைவு வருகின்றது. இது ஏழையின் மீதுள்ள அன்பன்று. செலவின் மீதுள்ள வெறுப்பு. மேலும், உழைத்து ஓய்ந்ததைக் கழித்துவிடலாம் என்னும் மனப்பான்மை மாட்டோடு நின்றுவிடுவதில்லை. மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த கையையும், ஆடைத் தொழிற்சாலையில் கண்ணொளி மங்கிய பெண்ணையும் இதே கணக்குப் புத்தகம்தான் கழித்துவிடுகின்றது. இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. அது எவரும் இட்ட பிச்சையன்று. உழைத்த காலத்தின் கூலியில் ஒரு பங்கு பிற்காலத்துக்கென நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்ற உரிமை. அந்த உரிமையின் பொருளை உணர்ந்தவர்கள் கொட்டிலில் நிற்கும் மாட்டின் முன் அதனை மறக்கலாகாது.

"இது எமது பண்பாடு, இதில் கை வைக்காதீர்கள்" என்பார்கள் வேறு சிலர். 2014 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்ததும், 2017 ஜனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையிலே மாணவர் திரண்டு எழுந்ததும், 2023 மே மாதத்தில் அதே நீதிமன்றம் தமிழக அரசின் புதிய சட்டத்தை ஏற்றதும் வாசகர் அறிந்தவை. அந்த விவாதத்திலே ஆதரவாளர் அடிக்கடி முன்வைத்த வாதம் ஒன்று: விளையாட்டு நின்றால் காளைகள் அடிமாடாகிவிடும் என்பது. இவ்வாதத்தின் மறுபக்கத்தை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. விளையாட்டு நின்றால் அடிமாடாகும் என்றால், விளையாட முடியாத காளை இன்றே அடிமாடு என்பதல்லவா அதன் பொருள்? மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசி, நெற்றியில் பொட்டிட்டு, மாலை சூட்டிக் கும்பிட்டுவிட்டு, மறு மாதம் அதே கழுத்துக் கயிற்றைத் தரகரின் கையில் கொடுப்பது எமது பண்பாடு என்றால், அந்தப் பகுதியில் கை வைக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வாதம் மிகவும் அபாயகரமானது. "வெட்டுகிறவனைப் பிடியுங்கள், அவன்தானே கொலைகாரன்" என்பது அது. இதைச் சொல்பவரின் விரல் முஸ்லிம் வியாபாரியை நோக்கி நீள்கின்றது. இதை நாம் முழு வன்மையோடும் மறுக்கிறோம். வியாபாரி எவருடைய கொட்டிலிலும் புகுந்து மாட்டை அவிழ்க்கவில்லை. அழைத்த வீட்டுக்கே வந்தார். விலை பேசியவர் நாம். காசை எண்ணி வாங்கியவர் நாம். வாங்கிய காசு மடியில் இருக்கும்போதே பழியை வாங்கியவர் மீது சுமத்துபவரும் நாமே. இதனைவிட மலிவான பக்தி உலகில் உண்டா? இந்தப் பக்தியை அரசியல்வாதிகள் நன்கு அறிவார்கள். 2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை பசுவதைத் தடைக்குக் கொள்கையளவில் இணங்கியது. மாட்டிறைச்சி உண்போருக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்பதும் அத்தீர்மானத்தில் ஒரு பகுதி. வெட்டு அந்நிய மண்ணில் நடந்தால் பாவமில்லை போலும்! கமத்தொழிலுக்கு உதவாத முதிய மாடுகளுக்கென உகந்த திட்டமொன்றை நடைமுறைப்படுத்துவது பற்றியும் அதிலே ஒரு வரி இருந்தது. உண்மையான வேலை அந்த ஒரு வரியில்தான் இருந்தது. மேடைகளில் முழங்கியதோ தடை என்னும் சொல் மட்டுமே. ஒரு சமூகத்தின் மீது வெறுப்பை வளர்க்கத் தடை உதவும். ஒரு மாட்டுக்கு ஒரு நாள் தீனி போடவும் அது உதவாது.

நான்காவது தரப்பினர் நகரத்து விலங்கன்பர்கள். "சவாரியை முற்றாகத் தடைசெய்யுங்கள்" என்பது அவர்கள் கோரிக்கை. அவர்களின் மனவேதனையை நாம் மதிக்கிறோம். திடலில் நடக்கும் அடியும் குத்தும் ஒழிய வேண்டும் என்பதில் அவர்களோடு நிற்கிறோம். ஆனால் மக்களோடு பேசாமல் மேலிருந்து விழும் தடை என்ன செய்யும்? மறுநாள் காலையிலேயே வன்னியில் உள்ள சவாரி மாடுகள் அனைத்தும் நிறைக்கு விலைபோகும். மக்காவிலே திடல் மூடியபோது ஐந்நூறு நாய்களுக்கு இடம் தேட ஆட்கள் இருந்தார்கள். எமக்கு எவர் இருக்கிறார்? முதலில் கொட்டிலைக் கட்டுங்கள். பின்னர் திடலைப் பற்றிப் பேசுவோம்.

சட்டத்தை நம்பியிருக்கலாமே என்றால், அதன் வரலாறு அழகானதன்று. வெள்ளையர் 1907-இல் இயற்றிய மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் தண்டமாகக் குறித்தது 100 ரூபாய். அது இயற்றப்பட்டபோது அத்தொகைக்கு ஒரு மாடே வாங்கியிருக்கலாம். இன்று அக்காசுக்கு ஒரு நேரச் சோற்றுப் பார்சலும் வாராது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006-இல் தயாரித்தது. அதன் பின்னர் அரசுகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், வரைவு அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. ஆகவே சட்டத்துக்காகக் குரல் கொடுப்போம்; அதுவரை கைகட்டி நிற்கமாட்டோம்.

இனி இடைத்தங்கல் என்ற சொல்லுக்கு வருவோம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தவர்கள் ஏராளம். 1996-இல் கிளிநொச்சியைப் போர் விழுங்கியபோது அந்நகரின் மக்களும் அலுவலகங்களும் கடைகளும் இங்கே நகர்ந்தன. அந்நாட்களில் மல்லாவி எத்தனை பேரைத் தாங்கியது! பாடசாலை மண்டபத்தில் குடும்பங்கள், மரத்தடியில் வகுப்புகள், முன்பின் அறியாதவரின் வளவில் ஓலைக் கொட்டில்கள். ஒரு கிணற்றில் பத்துக் குடும்பம் நீர் அள்ளியது. வந்தவரிடம் "எப்போது போவீர்கள்?" என்று கேட்காத வீடுகள் இருந்தன. பிரிவதற்கென்றே ஏற்ற வீடுகள் அவை. பின்னர் 2008-இல் மல்லாவியே எழுந்து கிழக்கு நோக்கி நடந்தது. பட்டிகளைத் திறந்துவிட்டு, மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டு நடந்தோம். 2009-இல் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்கு உள்ளே நின்று, நிரந்தர வீடு எப்போது என்று காத்திருந்தோம். மீண்டு வந்தபோது எமது மாடுகள் கட்டாக்காலிகளாகக் காட்டோரங்களில் திரிந்தன. குறியைப் பார்த்துப் பார்த்து, இது எம்முடையதா என்று தேடி அலைந்தவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள்.

சொந்த வீடு இல்லாமல் இன்னொருவர் முற்றத்தில் காத்திருப்பதன் பொருளை எமக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு பிடி சோறும் ஒரு நிழலும் ஓர் உயிரை எப்படி நிறுத்திவைக்கும் என்பது எமக்குத் தெரியும். "பயன் என்ன?" என்று கணக்குப் பார்த்திருந்தால், அன்று எம்மில் எத்தனை முதியோரை, எத்தனை நோயாளரை, எத்தனை அங்கவீனரை எவர் ஏற்றிருப்பார்? பயன்பாட்டின் தராசில் நிறுத்தப்படாமல் உயிர் பிழைத்த நாம், இன்று அதே தராசைக் கையில் எடுத்து எமக்காக ஓடிய மாட்டை நிறுப்பது எத்தகைய மறதி!

எமது கோரிக்கைகள் பெரியனவல்ல. சவாரிச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் திடலில் ஓடும் மாடுகளைக் குறியோடு பதிவு செய்ய வேண்டும். மாட்டுக்குக் குறியிடுவதும் பதிவதும் எமக்குப் புதியனவல்ல. புதிதாக வேண்டுவது அப்பதிவேட்டில் ஒரு கடைசிப் பத்தி: ஓட்டம் முடிந்த பின் இம்மாடு எங்கே போயிற்று? அதற்கு விடை எழுதாதவரின் அடுத்த சோடி திடலில் இறங்கக் கூடாது. நுழைவுப் பணத்திலும் பரிசுத் தொகையிலும் பத்தில் ஒரு பங்கு ஓய்ந்த மாடுகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அந்நிதியைக் கொண்டு, பிரதேச சபையும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து துணுக்காய்ப் பிரிவில் முதலாவது இடைத்தங்கல் கொட்டிலை அமைக்கலாம். அங்கே மாடு பராமரிக்க ஒருவருக்கு நியாயமான கூலியுடன் வேலை கிடைக்கும். எருவும் கோமயமும் தோட்டக்காரர்களுக்குப் போகும். 2021-இல் இரசாயனப் பசளை ஒரே உத்தரவில் தடைசெய்யப்பட்டு, எருவுக்கு ஊரெங்கும் அலைந்த கமக்காரனிடம் கிழட்டு மாட்டால் பயனில்லை என்று எவரும் சொல்லத் துணியார். கால் தேறி, அச்சம் தெளிந்த மாட்டை, அடிமாடாக விற்பதில்லை என்று எழுதிக் கொடுக்கும் குடும்பம் ஏற்றுச் செல்லலாம். எக்குடும்பமும் ஏற்காதது அங்கேயே தன் காலத்தை முடிக்கலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது இதைவிட எளிது. விவசாய பாடம் படிக்கும் மாணவர் ஒரு வருடம் ஒரு மாட்டைப் பின்தொடர்ந்து, அதன் தீனியையும் காயத்தையும் வயதையும் பதிந்து பார்க்கட்டும். அதன் விலை எவர் பைக்குப் போயிற்று என்பதையும் அவர்களே எழுதட்டும். அந்தக் குறிப்புப் புத்தகம் எமது கட்டுரையைவிட உரத்துப் பேசும்.

அடுத்த தைப்பொங்கலுக்குப் பின் திடல்களில் மீண்டும் ஒலிபெருக்கி கட்டப்படும். நாமும் போவோம், வேலியோரம் நிற்போம், நல்ல ஓட்டத்துக்குக் கை தட்டுவோம். பரிசளிப்பு முடிந்து, வென்றவர் கிண்ணத்தைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது, ஒருவராவது அருகே சென்று, போன வருடம் வென்ற சோடி எங்கே என்று கேட்க வேண்டும். மறு வருடம் பத்துப் பேர் கேட்க வேண்டும். கேள்வி பெருகினால், "குடுத்தாச்சு" என்ற விடைக்கு அத்திடலில் நிற்க இடமிராது.